அறுபத்தோராவது தாள்

நவம்பர் 5, செவ்வாய்

குடையைக் காணோம். சர்வர் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் மாட்டியிருந்தேன். மத்தியானம் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. அந்த அறைக்குச் சாவி இரண்டே பேரிடம். ஒன்று என்னிடம், இன்னொன்று அட்டெண்டர் கோமதிநாயகம் அண்ணனிடம். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

இந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர்களைப் பத்து வருடமாக நான்தான் கட்டி மேய்க்கிறேன். பிரிண்டர்கள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றின் பெயர் வைத்திருக்கிறேன். யார் எங்கிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் என் அறையில் இருக்கும் லினக்ஸ் சர்வர் வழியாகத்தான் போயாக வேண்டும். நான் எழுந்து நடக்க வேண்டியதே இல்லை. கறுப்புத் திரையில் lpstat -o என்று தட்டினால் எந்தப் பிரிண்டர் முன்னால் யாருடைய வேலை வரிசையில் நிற்கிறது என்று வந்துவிடும். cancel என்று தட்டினால் நிற்பது ஒழியும். cupsdisable என்றால் பிரிண்டர் நின்றுவிடும், cupsenable என்றால் மறுபடி ஓடும்.

இன்று கணக்குப் பிரிவு பிரேமகுமாரி ஒரே சுற்றறிக்கையை ஐந்து முறை அனுப்பியிருக்கிறாள். "வரல மேடம், அதான் திருப்பி அமுக்கினேன்" என்கிறாள். பிரிண்டரை ஆன் செய்யவே இல்லை. ஆன் செய்ததும் ஐந்தும் வரிசையாக வந்து விழுந்தன. அனுப்பினது எங்கேயும் போகாது, வரிசையில் நிற்கும், வழி கிடைத்ததும் வந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்வது? படித்தவர்கள்தான், என்ன செய்ய.

நவம்பர் 6, புதன்

கன்ட்ரோலர் சபாபதி சார் தேர்வுப் பிரிவில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். நெருங்கிய உறவினர் யாரும் இந்தத் தேர்வு எழுதவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். பெனிட்டா என் அண்ணன் மகள். அண்ணன் மகளெல்லாம் நெருங்கிய உறவில் வராது என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டில் தங்கிப் படிக்கிறாள், அவ்வளவுதான். கணிதம் இரண்டாம் தாள் அரியர், 18-ஆம் தேதி. இது மூன்றாவது தடவை.

சாயங்காலம் வீட்டுச் சாவி வாங்க, கையில் கணக்குப் புத்தகத்தோடு ஆபீசுக்கு வந்தாள். நாயகம் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது உங்க வீட்டுப் பிள்ளையா மேடம்? நம்ம காலேஜ்தானா?"

"ஆமா" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு எதற்கு இந்த விசாரணை?

நவம்பர் 8, வெள்ளி

கணிதம் அரியர் வினாத்தாள் அடித்த நாள். ஒரு பக்கம், அறுபது பிரதி. ரகசிய அறையில் நான், சபாபதி சார், வெளியே காவலுக்கு நாயகம் அண்ணன். எங்கள் பழக்கம் இது: அடிப்பதற்கு முன்னும் பின்னும் பிரிண்டரின் மீட்டரைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுவோம். ஒரு தாள் கூடினாலும் குறைந்தாலும் காரணம் எழுத வேண்டும்.

ரகசிய அறையில் இருப்பது தாமிரபரணி. சார் கேட்டுக்கொண்டதால் அதில் மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அனுப்பியவர் பெயரும் வேலையின் எண்ணும் போட்ட ஒரு முகப்புத் தாள் வரும்படி செய்திருக்கிறேன். இன்று அறுபதை அனுப்பினேன், முகப்புத் தாள்கூட வரவில்லை. உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது, ரோலர் போய்விட்டது. சாருக்கு முகம் வியர்த்துவிட்டது. "பன்னெண்டு மணிக்குள்ள சீல் வைக்கணும்மா" என்றார்.

நான் பதறவில்லை. தாமிரபரணியை cupsdisable போட்டு நிறுத்தினேன். பக்கத்து அறையில் இருக்கும் வைப்பாறுக்கு அதே தாளை அனுப்பினேன். அறுபதும் சுத்தமாக வந்தது. எண்ணி, உறையில் போட்டு, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டினோம். "ஜெபக்கனி இல்லேன்னா இன்னைக்கு என் கதி அதோகதிதான்" என்றார் சார். நாயகம் அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்குக் காது மட்டும் எப்போதும் அறைக்குள்ளேயே இருக்கிறது.

நவம்பர் 9, சனி

கேஸ் தீர்ந்துவிட்டது. முப்பது நாள்கூட வரவில்லை. ஏஜென்சிக்காரன் எடையில் கை வைக்கிறான்.

நவம்பர் 11, திங்கள்

ரோலர் மாற்ற ஆள் நாலரைக்கு வந்தான், ஐந்தேகாலுக்கு முடித்தான். சர்வீஸ் சீட்டில் மீட்டர் ரீடிங் எழுதிக் கொடுத்துவிட்டு, "லைனை விட்டுருங்க மேடம், ஓடும்" என்று சொல்லிப் போய்விட்டான். ரீடிங் 4,18,206.

என் அறைக்கு வந்து பையை எடுத்தபோது ஐந்து முப்பத்தாறு. பஸ் ஐந்தே முக்காலுக்கு. நின்றபடியே cupsenable தட்டிவிட்டு ஓடினேன். கயத்தாறு வரை உட்கார இடமில்லை. கண்டக்டர் மீதி இரண்டு ரூபாயைத் தரவே இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும்.

பெனிட்டாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்பதால் எட்டு மணிக்கே காலேஜுக்கு வந்துவிட்டேன். தேர்வுப் பிரிவில் விளக்கு எரிந்தது. தாள் கிழிக்கும் மெஷின் ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் நாயகம் அண்ணன் கட்டாகத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் கையில் இருந்ததைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார்.

"என்னண்ணே, காலையிலயே?"

"பழைய தாளு மேடம். எலி கடிச்சுப் போட்டுருந்துச்சு."

எலி கடித்த தாளை யாராவது மெஷினில் விடுவார்களா? குப்பையில் அல்லவா போடுவார்கள்? நான் போக அசைந்தபோது அவரே பேசினார்.

"மேடம், அந்தக் கணக்குப் பேப்பரு எல்லாம் சரியா எடுத்தாச்சுல்லா? ஒண்ணும் விட்டுப் போகலியே?"

"உங்களுக்கு எதுக்குண்ணே அது?"

"சும்மா கேட்டேன்." தரையில் கிடந்த ஒரு கீற்றைப் பொறுக்கினார். "பிள்ள நல்லாப் படிக்காளா?"

வினாத்தாளைப் பற்றியும் கேட்கிறார், பெனிட்டாவைப் பற்றியும் கேட்கிறார். அவர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து மெஷினின் தொட்டியைக் கிளறினேன். நூல் நூலாகத்தான் இருந்தது. அதில் ஒன்றில் பாதி எண்ணும், ஒன்றில் கணக்குக் குறியின் வளைவும் இருந்தன. நாலைந்து கீற்றை உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

நாயகத்தின் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் பிரின்சிபால் மேஜையில் இருக்கிறதாம். பதினோரு வருடம் தொகுப்பூதியம். 29-ஆம் தேதி கூட்டத்தில் வைக்கிறார்கள் என்று பிரேமகுமாரி சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த மனுவை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேனோ.

நவம்பர் 14, வியாழன்

என் சந்தேகம் வீண் போகவில்லை.

இயற்பியல் தாள் அடிக்க தாமிரபரணியின் மீட்டரைப் பார்த்தேன். 4,18,267. திங்கள்கிழமை சீட்டில் 206. நடுவில் அறுபத்தொரு தாள் ஓடியிருக்கிறது. ரிஜிஸ்டரில் ஒரு வரி இல்லை. சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

உடனே பிரிண்ட் லாகை, அதாவது யார் எதை எப்போது அடித்தார்கள் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவை, எடுத்தேன். வழக்கம்போல grep -v போட்டு என் பெயர் உள்ள வரிகளை விலக்கிவிட்டேன். மாதம் முந்நூறு டெஸ்ட் பக்கம் என் பெயரில் கிடக்கும், அதற்குள் தேடினால் கண் அவிந்துவிடும். மற்றவர்கள் எல்லோருடைய வரியையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். திங்கள் முதல் இன்றுவரை தாமிரபரணியில் ஒரு வேலைகூட இல்லை.

சர்வர் வழியாக வரவில்லை என்றால் நேரே எடுத்திருக்க வேண்டும். அந்தப் பிரிண்டரின் தலையில் ஜெராக்ஸ் கண்ணாடி உண்டு. அதில் எடுத்தால் லாகில் விழாது. ரகசிய அறைச் சாவி நாயகத்திடம். பீரோ சாவி சாரின் மேஜை டிராயரில். அந்த மேஜையைத் தினமும் துடைப்பது யார்? அதே ஆள். உறையில் அரக்கு உடையவில்லைதான். ஆனால் ஓர் ஓரத்தில் கொஞ்சம் மினுமினுப்பாக இருந்ததாக எனக்குப் பட்டது.

அறுபது புரிகிறது. அந்த ஒன்று எதற்கு என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அறுபது விற்க, ஒன்று தனக்கு வைத்துக்கொள்ள. அப்படித்தான் இருக்கும். ஆள் பார்க்க அப்பாவி.

நவம்பர் 15, வெள்ளி

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். மீட்டர் கணக்கு, சாவி விவரம், செவ்வாய்க்கிழமை காலை நான் கண்டது, கீற்றுகள் உள்ள உறை. "பிரிண்டர் லாகில் பதிவு ஏதும் இல்லை" என்று ஒரு வரி.

சார் என்னை வைத்துக்கொண்டே நாயகத்தைக் கூப்பிட்டார்.

"செவ்வாக்கிழம என்னத்தய்யா கிழிச்ச?"

"பழைய தாளு சார்."

"கணக்குப் பேப்பர்தான? இந்தா இருக்கு பாரு." உறையைக் கவிழ்த்தார்.

நாயகம் அந்தக் கீற்றுகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஏதோ நான் பேசுவேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அந்தத் தாள் ஒனக்கு எப்படிக் கெடச்சுது?"

"அது வந்து சார்..." மறுபடி என்னைப் பார்த்தார். "எனக்குச் சொல்லத் தெரியல சார். வெளிய ஒண்ணும் போகல. அதுக்கு நான் பொறுப்பு."

"நீ பொறுப்புன்னா வேலைக்கு வராத. விசாரணை முடியட்டும்."

18-ஆம் தேதிக்கு இரண்டாவது செட் வினாத்தாளை அடித்துக்கொள்வதாக முடிவு. தேர்வு தப்பித்தது. சார் என்னிடம், "கெட்டிக்காரிம்மா நீ" என்றார்.

நவம்பர் 16, சனி

நாயகம் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு சாவியிலும் நூலில் ஓர் அட்டைச் சீட்டைக் கட்டி அறையின் பெயர் எழுதியிருக்கிறார். என் அறைச் சாவியில் "ஜெபா மேடம்" என்று இருக்கிறது. மீன் வாங்கினேன், நெய்மீன் என்று வேறு எதையோ கொடுத்துவிட்டான்.

நவம்பர் 18, திங்கள்

பெனிட்டா தேர்வு எழுதிவிட்டு வந்து, "கஷ்டமா இருந்துச்சு அத்தை, ஆனா பாஸ் ஆயிருவேன்" என்றாள். மூன்று தடவையும் இதைத்தான் சொன்னாள்.

புதிதாக வந்திருக்கும் அட்டெண்டருக்கு ஸ்டோர் ரூம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. டீ ஆறிப்போய் வருகிறது.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. பெனிட்டா பையிலிருந்து என் குடையை எடுத்து விரித்தாள். "சாவி வாங்க வந்ததுக்கு முந்தின நாள் உங்க ரூமுக்கு வந்தப்ப எடுத்துட்டுப் போனேன் அத்தை, சொன்னேன்லா?" சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

நவம்பர் 20, புதன்

விசாரணைக்குழுவிலிருந்து கடிதம். அறிக்கையில் சொன்ன பிரிண்டர் லாகை "முழுமையாக" இணைக்க வேண்டுமாம், திங்கள்கிழமைக்குள். வேதியியல் துறை மகராசன் சார்தான் குழுத் தலைவர். எதையும் பாதியாக வாங்கமாட்டார்.

முழுமையாக என்றால் விலக்காமல் எடுக்க வேண்டும். எடுத்தேன். என் பெயராகவே பக்கம் பக்கமாக ஓடியது. நவம்பர் பதினொன்றுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

தாமிரபரணி. வேலை எண் 412. அனுப்பியவர் ஜெபா. அறுபது பிரதி. அடித்து முடித்த நேரம் மாலை 5.38.

ஐந்து முப்பத்தாறுக்கு நான் வழியைத் திறந்துவிட்டேன். எட்டாம் தேதி அனுப்பிய வேலை உள்ளேயே நின்றிருக்கிறது. பிரிண்டரை நிறுத்தினேன், வேறு பிரிண்டருக்கு அனுப்பினேன். நின்ற வேலையை cancel செய்யவில்லை. ஒரு வார்த்தை, தட்டவில்லை. நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அறுபதும் ஆளில்லாத அறையில் வந்து விழுந்திருக்கிறது. பிரேமகுமாரி ஐந்து முறை அமுக்கியதற்கு அவ்வளவு பேசினேனே.

வீட்டுக்கு வந்து இட்லி மாவை வெளியிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். புளித்துக் கிடக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

நிதானமாக யோசித்தால், இதனால் நாயகம் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. தாள் அச்சானது என்னால் என்றே வைத்துக்கொள்வோம். டிரேயிலிருந்து எடுத்தது யார்? யாரிடமும் சொல்லாமல் கிழித்தது யார்? நேர்மையான ஆள் என்றால் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் இந்தப் படிவம் வேறு. 412 என் பெயரில் என்று தெரிந்தால் பெனிட்டா தேர்வு எழுதுவதும் வெளியே வரும். வேண்டுமென்றே செய்தேன் என்றுதானே சொல்வார்கள்? நான் அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்வேன்.

grep -v போட்டு மறுபடி ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பிரதியில் என் பெயரே கிடையாது. அனுப்பவில்லை. எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 22, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு நாயகத்தைப் பார்க்கப் போனேன். ஏன் கிழித்தார் என்று கேட்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். மச்சினர் மாவு மில்லில் இருக்கிறார் என்றார்கள். புருவமெல்லாம் மாவு. என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்தினார்.

"வாங்க மேடம். இந்த மழைக்குள்ளயா வந்திய?"

ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அந்தத் தாள் உங்களுக்கு எப்படிக் கெடச்சுதுன்னு சொல்லுங்க."

"திங்கக்கெழம ஆறு மணிக்குப் பூட்டப் போனேன். மிஷின் டிரேயில குவிஞ்சு கெடந்துச்சு. மேல ஒரு தாளு, அதுல உங்க பேரு." உள்ளே போய் ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "மத்ததக் கிழிச்சிட்டேன். இத மட்டும் என்னமோ கிழிக்க மனசு வரல."

என் முகப்புத் தாள். பெரிய எழுத்தில் என் பெயர். 412. கீழே கணிதம் அரியர். அறுபத்தோராவது தாள் இதுதான்.

"நீங்க என்ன நெனச்சிய?" என்று கேட்டேன்.

"வேற என்னத்த நெனைக்க? முந்தின வாரந்தான் பிள்ளையப் பாத்தேன். பிள்ளைக்காக அடிச்சிருக்கிய, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எடுக்காமப் போயிட்டியன்னு நெனச்சேன். ராத்திரிக்கு அலமாரில வச்சுப் பூட்டிட்டு, விடியக்காலம் வந்து கிழிச்சேன். நீங்களே சொல்லுவியன்னுதான் ஒரு வார்த்த கேட்டுப் பாத்தேன். நீங்க மொறச்சிய."

"சார் கேக்கும்போது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உங்க வேல போயிரும். ஒத்தப் பொம்பள, அண்ணன் பிள்ளையவும் வச்சுப் பாக்கிய. எனக்கு மில்லு இருக்கு." கையிலிருந்த மாவைத் தட்டினார். அப்புறம் முதல் முறையாகக் கொஞ்சம் குரல் ஏறியது. "நான் உங்களச் சந்தேகப்பட்டது நெசந்தான் மேடம். இல்லங்கல. ஆனா நான் எழுதிக் குடுக்கல."

நான் நடந்ததைச் சொன்னேன். பிரிண்டரை நிறுத்தியது, வேலை வரிசையில் நின்றது, ஐந்து முப்பத்தாறு, எல்லாம். அவர் முழுசாகக் கேட்டார்.

"அப்ப நீங்க பிள்ளைக்காக அடிக்கல."

"இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு." நிஜமாகவே அவர் முகம் தெளிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மில்லில் நின்று அழுதேன். சோளம் அரைக்க வந்த அம்மாள் என்னவென்று கேட்டாள். "மாவு கண்ணுல விழுந்துட்டு" என்று அவரே சொன்னார்.

கிளம்பும்போது அந்தத் தாளை என் கையிலேயே கொடுத்தார். "இத நீங்களே வச்சுக்கிடுங்க. எங்கிட்ட எதுக்கு."

இனி இந்தத் தாளும் என்னிடம். லாகும் என்னிடம்.

நவம்பர் 23, சனி

தாளைக் கேஸ் அடுப்பு வரைக்கும் கொண்டு போனேன். எழுதிவிட்டேன், போதும்.

நவம்பர் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், "அந்த மாமா அன்னைக்கு என்கிட்ட நல்லாப் படிம்மான்னு சொன்னாங்க அத்தை. நாங்கூட ஒரு மாதிரிப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றாள். அவளும் என் வளர்ப்புதானே.

நவம்பர் 25, திங்கள்

காலையில் என் அறைக்குப் போனதும் lpstat -o தட்டினேன். எங்கும் எதுவும் நிற்கவில்லை. லாகை விலக்காமல் முழுசாக எடுத்தேன், நாற்பத்தேழு பக்கம். கூடவே ஒரு கடிதம். எட்டாம் தேதி நான் cancel செய்யத் தவறியது, பதினொன்றாம் தேதி பார்க்காமல் திறந்துவிட்டது, பதினான்காம் தேதி என் பெயரை மட்டும் விலக்கிவிட்டு மற்றவர்களைத் தேடியது. ஆறாம் தேதி படிவத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டது. பொய் என்று எழுதக் கை வரவில்லை, முதலில் "தவறுதலாக" என்று அடித்தேன். அப்புறம் மாற்றினேன்.

எல்லாவற்றையும் தாமிரபரணிக்கே அனுப்பினேன். கடைசித் தாள் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

சபாபதி சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அறுபது சரி. அறுபத்தொண்ணு?"

பையிலிருந்து முகப்புத் தாளை எடுத்து வைத்தேன். நாலு மடிப்பிலும் மாவு ஒட்டியிருந்தது.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஜெபக்கனி, லாக் உங்ககிட்டதான் இருக்கு. இந்தத் தாளும் உங்ககிட்டதான் இருந்துருக்கு. நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியப் போறதில்ல."

"நாயகம் அண்ணனுக்குத் தெரியும் சார்."

"அவன் சொல்லமாட்டான்."

"அதனாலதான் சார் நான் சொல்ல வேண்டியிருக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "பதினஞ்சாந்தேதி அவன உங்க முன்னாலயே வெளிய அனுப்பினேனே" என்றார்.

நவம்பர் 27, புதன்

மகராசன் சார் குழு கூடியது. நாயகம் அண்ணனை இரண்டாம் தேதி முதல் வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் விசாரணை நடந்ததால் அவர் ஃபைலை 29-ஆம் தேதிக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். இனி மார்ச்சில்தான். பதினோரு வருடம் காத்திருந்தவர், இன்னும் நாலு மாதம் என்னால். இதை நான் எங்கே எழுதிக் கொடுத்தாலும் சரியாகாது.

எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன். அதற்கப்புறம் வேலை இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. சர்வர் பாஸ்வேர்டை எழுதி, உறையில் போட்டு, சாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது பழகவில்லை. பால்காரர் தினமும் சரியாகத்தான் ஊற்றுகிறார், இன்று அளந்து பார்த்தேன்.

மத்தியானம் நாயகம் அண்ணன் போன் பண்ணினார். "குடை ஆணி ஆடிட்டுக் கெடந்துச்சு மேடம், வேற அடிச்சிருக்கேன். வரும்போது பாருங்க" என்றார். ஃபைலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வைக்கப் போனவர், "பிள்ள பாஸாயிட்டாளா?" என்று கேட்டார். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றேன்.

அடுத்து போனில் பேசியது என் இடத்துக்கு வந்திருக்கும் சார்லஸ். மதுரையிலிருந்து வந்தவர், நிதானமான குரல்.

"மேடம், மகராசன் சார் இந்த வருசம் முழுக்க பிரிண்ட் லாகைச் சரிபார்க்கச் சொல்லியிருக்காங்க. உங்க பேர்ல டெஸ்ட் பேஜ் மட்டுமே ஆயிரக்கணக்குல இருக்கு. அதையெல்லாம் விலக்கிட்டு மத்ததப் பாத்துரட்டுமா? சீக்கிரம் முடிஞ்சிரும்."

"வேண்டாம் சார்லஸ்" என்றேன். "அதுல இருந்து ஆரம்பிங்க."